சிறுகுடிலும் சுதந்தரமும்

தமிழ் பயிலும் மாணவர்க்குச் சொற்களோடு உறவு மிகுதி. ஒரு சொல் ஓரிடத்தில் ஒரு பொருளும் பிறிதோரிடத்தில் மற்றொரு பொருளும் தந்து நிற்கக் காணின், அதன் காரணம் யாது என வினவாமல் அவர் மேற்செல்லார். எம்மை அங்ஙனம் நிறுத்திய சொல் ஒன்று உண்டு. அது ‘சுதந்தரம்’ என்பது. திருமறையின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இச்சொல் தந்தைவழியாக மைந்தர்க்கு வரும் உடைமையைக் குறிக்கின்றது. அவ்வுடைமையைப் பெறுவோன் ‘சுதந்தரவாளி’. விடுதலையைக் குறிக்க அந்நூல் ‘சுயாதீனம்’ என்னும் வேறொரு சொல்லைக் கையாள்கின்றது. நாட்டு வழக்கிலோ ‘சுதந்திரம்’ என்றால் விடுதலையே. எழுத்திற் சிறிது வேறுபட்ட இவ்விரண்டும் ஒரே வடமொழிச் சொல்லினின்றும் வந்தவை. தந்தை விட்டுச் சென்ற உடைமைக்கும், பிறர்க்கு அஞ்சாது தலைநிமிர்ந்து வாழும் வாழ்வுக்கும் ஒரு பெயர் அமைந்தது வெறுஞ் சொல்லமைதிதானா? அன்றி அதனுள் ஓர் உண்மை உறைகின்றதா? இவ்வினாவுக்குரிய விடை எமக்கு அகராதியிற் கிடைக்கவில்லை. இங்கிலாந்து நாட்டு உழவுக் கூலிகளின் வரலாற்றிற் கிடைத்தது.

ஆங்கிலப் பாடத்தின் பொருட்டுத் தாமஸ் ஹார்டி 1891-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டெஸ்’ என்னும் நாவலைச் சென்ற ஆண்டு படித்தோம். விடுதி நண்பர் பலர் அக்கதைத் தலைவியின் காதற் றுயரத்தையே பேசினர். எம் மனத்தை விட்டகலாதது வண்டியில் ஏற்றப்பட்ட அவள் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களே. தந்தை இறக்கின்றார், அவர் உயிரோடு வீட்டின் உரிமையும் போகின்றது. தாயும் சிறுவர்களும் தெருவுக்கு வருகின்றனர். கடன்பட்டு வீடிழந்தாரைப் பற்றிக் கேட்டிருக்கின்றோம். தீயிலும் வெள்ளத்திலும் இழந்தாரைப் பற்றியும் கேட்டிருக்கின்றோம். ஒருவர் இறந்தமையாலேயே அவர் மக்கள் வீட்டை இழப்பது யாங்ஙனம்? சாவு நேர்ந்த அன்றைக்கே அன்றோ ‘சுதந்தரம்’ மக்கள் கைக்கு வருதல் வேண்டும்? இதனை அறியக் கல்லூரி நூல்நிலையத்திற் புகுந்தோம். அங்குத் தேடிப் படித்து அறிந்தவற்றுட் சில இக்கட்டுரையில் அன்பர்கள் முன் வைக்கப்படுகின்றன.

ஆங்கில நாட்டுக் குடிலை நாம் அனைவரும் நாட்காட்டிப் படங்களிற் கண்டிருக்கின்றோம். கோதுமைத் தாள் வேய்ந்த தடித்த கூரை, சிறு சாளரம், வாயிலிற் படர்ந்த ரோஜாக் கொடி, பக்கத்தில் ஓர் ஆப்பிள் மரம் ஆகியன அதில் இருக்கும். படம் காட்டாத ஒன்றுண்டு. சுவர் யாருடையது, சுவர் நிற்கும் மண் யாருடையது என்பதே அது. அடிமனை ஒருவர்க்கும் மேற்கட்டு ஒருவர்க்கும் உரியதாதல் நம் நாட்டார் நன்கறிந்த செய்தி. ஆங்கில நாட்டுச் சிற்றூர்களிலும் அதுவே பெருவழக்காக இருந்தது.

எலிசபெத் அரசியார் காலத்தில், 1589-ஆம் ஆண்டில், ஒரு சட்டம் பிறந்தது. நாட்டுப்புறத்தில் புதிதாகக் குடில் எடுப்போர் அதனோடு நான்கு ஏக்கர் நிலமும் சேர்த்துவிடுதல் வேண்டும் என்பது அதன் விதி. நிலமின்றி வீடு மட்டும் உடைய ஏழை ஊர்க்குப் பாரமாவான் என அக்காலத்தார் எண்ணினர். சட்டம் ஏட்டில் இருந்ததேயன்றி எங்கும் செவ்வனே நடைபெற்றதில்லை. 1775-இல் அது நீக்கப்பட்டது. எனினும் அதனுள் ஓர் அறிவு உண்டு. வீடு தங்குவதற்கு, நிலம் உண்பதற்கு. இரண்டும் கூடிய வழியே ஏழையின் உடைமை மக்கட்கு விட்டுச் செல்லத்தக்க உடைமையாகும்.

அந்நாட்டில் நிலத்தைத் தம்முரிமையாக முழுதும் ஆள்வோர் சிலரே. அத்தகையோர் உயில் எழுதாது இறந்தால் மூத்த மகனே நிலம் முழுவதையும் பெறுவான். இளையோர்க்கும் பெண் மக்கட்கும் அதிற் பங்கில்லை. கெண்ட் மாவட்டத்தில் மட்டும் ஆண்மக்கள் அனைவரும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் பழைய வழக்கம் நின்றது. எளிய குடிகளிற் பலர் ‘காப்பிஹோல்டு’ என்னும் முறையில் வாழ்ந்தனர். ஊர் நிலம் ஒரு பண்ணைத் தலைவர்க்கு உரியது. அவருடைய மன்றத்தில் ஒரு பதிவேடு இருக்கும். இன்ன மனையை இன்னார் வைத்திருக்கின்றார் என அதில் எழுதுவர். எழுதியதன் நகலைக் குடியானவன் கையிற் கொடுப்பர். அந்நகலே அவனுக்குரிய சாசனம். அம்முறையின் பெயர்க் காரணமும் அதுவே. மனையை மற்றொருவர்க்கு மாற்றுங்கால், வைத்திருப்பவர் ஒரு கோலைப் பண்ணைக் காரியக்காரர் கையிற் கொடுப்பார். காரியக்காரர் அக்கோலைப் புதியவர் கையிற் கொடுப்பார். கோல் கைமாறினால் நிலம் கைமாறியதாகும். சில பண்ணைகளில் மூத்தவன் அன்றி இளைய மகனே தந்தையின் குடிலைப் பெறுவான். மூத்தோர் வெளியேறிப் பிழைக்க, கடைக்குட்டி பெற்றோரோடு தங்குவான் என்பது அதற்குக் கூறும் காரணங்களுள் ஒன்று. கணவனை இழந்தவள் பலவிடங்களில் தன் கைம்மைக் காலம் வரை அங்கு வாழலாம். மறுமணம் செய்துகொண்டால் அவ்வுரிமை நீங்கும்.

இனி, டெஸ் குடும்பத்தாரின் வீட்டைக் கொண்டுபோன முறையைக் காண்போம். டார்செட், டெவன் முதலிய மேற்கு மாவட்டங்களில் அது மிகுதி. நம் மொழியில் அதனை ‘ஆயுட்குத்தகை’ எனலாம். குடியானவன் ஒரு தொகையை முதலிற் கட்டுவான். ஆண்டுதோறும் தரும் வாடகை மிகச் சிறிது. குத்தகைச் சீட்டில் மூன்று பேரின் பெயர் எழுதப்படும். தானும் தன் மனைவியும் மகனும் என மூவரைக் குறிப்பது ஒரு வழி. அம்மூவரில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை வீடு அவர்கட்கு உரியது. மூவரும் மறைந்தால் மண்ணும், மண்மேல் நின்ற சுவரும், நட்ட மரமும் நிலக்கிழாரைச் சேரும். ஓர் உயிர் கழிந்தவுடன் மறுபடியும் பணம் கட்டிப் புதியதோர் உயிரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆயின் கையிற் பணம் வேண்டும். நிலக்கிழார் மனமும் இசைதல் வேண்டும். குடியானவன் இறந்தால் அவன் தொழுவத்துச் சிறந்த விலங்கையோ அதற்கு ஈடான பணத்தையோ நிலக்கிழார்க்குக் கொடுத்தலும் பலவிடங்களில் வழக்கம்.

இதனை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றும். நாம் நிலத்தை ஏக்கரால் அளக்கின்றோம். அவர் மூச்சால் அளந்தனர். அவ்வீட்டில் ஒரு சிறுவனுக்குக் காய்ச்சல் வந்தால், தாய் மகனுக்காக அழுவதோடு கூரைக்காகவும் அழுதல் வேண்டும். ஹார்டி 1887-இல் வெளியிட்ட மற்றொரு நாவலில் நோயுற்ற கிழவர் ஒருவர் வருகின்றார். அவர் உயிரைப் பற்றி நின்றது அவர் வீடு மட்டுமன்று; கைல்ஸ் என்னும் நல்லிளைஞனுடைய வீடும் அவ்வுயிரையே பற்றி நின்றது. கிழவர் இறக்கின்றார். உரிய காலத்திற் குத்தகையைப் புதுப்பிக்காமையால் இளைஞன் வீட்டை இழக்கின்றான். அதனோடு மணக்கவிருந்த பெண்ணையும் இழக்கின்றான்.

ஹார்டி இவற்றைக் கேள்வியால் மட்டும் எழுதினாரல்லர். அவர் 1840-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் டார்செட்டின் மேலை பாக்ஹாம்ப்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் பிறந்த வீடு அவருடைய கொள்ளுப்பாட்டனார் 1800-ஆம் ஆண்டை அடுத்து எடுத்தது. களிமண்ணும் வைக்கோலும் குழைத்து எழுப்பிய சுவர். தாள் வேய்ந்த கூரை. அக்குடும்பத்தார் கொத்துவேலை செய்வோர். தம் கையால் எடுத்த அவ்வீட்டிலும் அவர்கட்கு ஆயுட்குத்தகை உரிமையே இருந்தது. 1883-இல் டார்செட் உழைப்பாளரைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஆயுள் முடிந்த குடில்களை நிலக்கிழார்கள் இடித்துவிடுதலும், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் நகரங்கட்குப் போதலும் அதிற் கூறப்படுகின்றன. வேலையும் வீடும் மாறும் ஏப்ரல் மாதத்து நாளில் வண்டிகள் வரிசையாகச் செல்லும் காட்சியும் அக்கட்டுரையில் உண்டு.

வீட்டை இடிப்பதால் நிலக்கிழார்க்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. முதுமையிலும் நோயிலும் ஏழைகளைக் காக்கும் செலவை அந்தந்தத் திருச்சபை வட்டத்தார் வரியாகக் கட்டிவந்தனர். வட்டத்தில் ஏழைகள் குறைந்தால் வரியும் குறையும். குடில் இல்லையேல் ஏழையும் இல்லை. ஆதலின் ஓர் ஊரில் உழைப்போர் பக்கத்து ஊரிற் குடியிருந்து நெடுந்தூரம் நடந்துவந்து உழைத்தனர். 1865-இல் அச்செலவைப் பல வட்டங்கட்கும் பொதுவாக்கிச் சட்டம் செய்தபின்னரே இத்தீமை தளர்ந்தது.

இனி நிலத்தின் செய்தி. குடிலைச் சுற்றிய தோட்டம் சிறிதே. ஏழையின் உண்மையான நிலம் ஊர்ப்புறம்போக்கு. அங்கே அவன் பசு மேயும், வாத்துகள் திரியும், அவன் பிள்ளைகள் சுள்ளி பொறுக்குவர். நாடாளுமன்றம் 1604 முதல் 1914 வரை 5,200-க்கு மேற்பட்ட சட்டங்களால் 68 இலட்சம் ஏக்கர் நிலத்தை வேலியடைத்துத் தனியுடைமையாக்கியது. அஃது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சிறிது மிகுதி. பொதுநிலத்தில் உரிமையுடையோர்க்கு ஈடு கொடுக்கப்பட்டது மெய்யே. ஆனால் அவ்வுரிமை குடிலின் உடைமையாளரைச் சார்ந்தது. குடிலில் வாழ்ந்தவரைச் சார்ந்ததன்று. பசு யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. பத்திரம் யாருடையது என்றே கேட்டனர். உடைமையாளராய்ச் சிறு துண்டு பெற்ற எளியோரும் அதற்கு வேலியடைக்கும் செலவைத் தாங்கமாட்டாது விற்றுவிட்டனர். ஹெல்ப்ஸ்டன் என்னும் ஊரிற் கதிரடிக்கும் கூலியின் மகனாய்ப் பிறந்த கவிஞர் ஜான் கிளேர் இதனைக் கண்ணாரக் கண்டார். அவ்வூருக்குரிய சட்டம் 1809-இல் நிறைவேறியது. தாம் ஓடியாடிய வெளிகளில் வேலி எழுந்ததைப் பாடியவர் அவர். அவர் பெற்றோர் வாழ்ந்ததும் வாடகைக் குடிலே.

இவ்வாறு நிலமும் போய், ஆயுட்குத்தகையும் போய், உழைப்பாளிக்கு எஞ்சியது வேலையோடு சேர்ந்து வரும் வீடு. பண்ணையில் வேலை செய்யும்வரை அதில் வாழலாம். வேலை போனால் வீடும் போகும். இறந்தவனுடைய மனைவி மறு ஆளுக்கு இடம் விடுதல் வேண்டும். இத்தகைய வீட்டில் வாழ்வோன் கூலியைப் பற்றி வாய் திறத்தல் அரிது.

இவ்விடத்தில் எம் குடும்பச் செய்தி ஒன்றைக் கூறாது செல்ல இயலவில்லை. எம் தந்தையார் ஒரு தென்னந்தோப்பிற் காவலும் வேலையும் பார்ப்பவர். யாம் பிறந்து வளர்ந்த வீட்டின் சுவர் எம் பாட்டனார் எழுப்பியது. அடிமனை தோப்புக்காரர்க்கு உரியது. சில ஆண்டுகளுக்கு முன் ஊரிற் கூலியைப் பற்றிப் பேச்சு எழுந்தபொழுது, உடன் உழைப்போர் எல்லாரும் கூட்டத்திற் பேசினர். தந்தையார் ஒரு சொல்லும் சொல்லாது ஓரமாக அமர்ந்திருந்தார். அவரை ஊரார் ‘வாயில்லாப் பூச்சி’ என்றனர். யாம் அவ்வாறு எண்ணியதில்லை. ‘வாய் திறந்தால் வாசல் மூடும்’ என்று எம் அன்னையார் அடுக்களையிற் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் யாம். இப்பொழுது தந்தையார் மூன்று சென்று மனை வாங்கப் பணம் சேர்த்துவருகின்றார். எம் படிப்புச் செலவும் அப்பணத்தினின்றே செல்கின்றது. ஆதலின் பிற நாட்டார் குடிலின் கதை எமக்குப் பிறர் கதையாகத் தோன்றவில்லை.

நிற்க. சொந்தக் குடில் ஒன்று ஓர் உழைப்பாளிக்கு என்ன செய்யும் என்பதற்கு ஜோசப் ஆர்ச் என்பாரின் வாழ்வு சான்று. அவர் 1826-இல் வாரிக்ஷயர் மாவட்டத்துப் பார்ஃபோர்டு என்னும் ஊரிற் பிறந்தார். ஒன்பதாம் வயதில் வயலிற் பறவையோட்டும் வேலைக்குச் சென்றார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர உழைப்பு, கூலி 4 பென்னி. பின்னர் ஏரோட்டியாகவும் உயிர்வேலி கத்தரிப்பதில் தேர்ந்த வினைஞராகவும் விளங்கினார். மெதடிஸ்டுச் சபை ஒன்றில் ஊதியமின்றிப் பிரசங்கமும் செய்துவந்தார். ஏனைய கூலிகட்கும் அவர்க்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. அவர் வாழ்ந்த சிறுகுடில் பதினெட்டாம் நூற்றாண்டு முதல் அவர் குடும்பத்தாரின் சொந்த உடைமை. தானிய விலையை உயர்த்தி வைத்த சட்டத்தை ஆதரித்து எழுந்த விண்ணப்பத்தில் அவர் தந்தையார் கையொப்பமிட மறுத்தார். அதனால் அவருக்குப் பல வாரங்கள் வேலை கிடைக்கவில்லை. தாயார் பிறர் துணி வெளுத்துக் குடும்பத்தைக் காத்தார். வேலையை நிறுத்த முடிந்தவர்களால் வீட்டை விட்டு விரட்ட முடியவில்லை. அடுப்பில் நெருப்பு இல்லாதிருந்திருக்கலாம், அடுப்பு அவர்களுடையது.

1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் அண்டையூராகிய வெல்ஸ்போர்னிற் கூலிகள் கூடினர். வாரக் கூலி 12 ஷில்லிங் போதவில்லை, 16 வேண்டும் என்பது அவர் குறை. ஆர்ச்சைப் பேச அழைத்தனர். மழை பெய்த மாலையில், ஒரு மரத்தடியில், விளக்கொளியில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன் அவர் பேசினார். அவ்வாண்டிலேயே நாடளாவிய உழவுத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. அவர் அதன் தலைவரானார். சங்கத்திற் சேர்ந்தோர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்து துன்புற்றனர். தலைவரின் வீட்டை எவராலும் தொட முடியவில்லை. 1884-இல் நாட்டுப்புற உழைப்பாளிக்கு வாக்குரிமை கிடைத்தது. மறு ஆண்டில் அவர் நாடாளுமன்றத்திற் புகுந்தார். உழவுக் கூலியாய் இருந்த ஒருவர் அங்கு அமர்ந்தது அதுவே முதன்முறை. 1919-இல், தொண்ணூற்றிரண்டாம் வயதில், அவர் உயிர் நீத்ததும் அந்தப் பார்ஃபோர்டுக் குடிலிலேயே.

இவ்வரலாற்றை விடுதியிற் கூறியபொழுது நண்பர் ஒருவர் தடை எழுப்பினார். “தலை சாய்க்கவும் இடமின்றி வாழ்ந்த நம் ஆண்டவர் எவருக்கும் அஞ்சவில்லையே, அஞ்சாமைக்கு வீடும் மனையும் எதற்கு?” என்றார். தடை சிறந்ததே. அவர் இடமின்றி வாழ்ந்தது தாமே ஏற்றுக்கொண்ட வாழ்வு. கூலிக்காரன் வீடின்மை பிறர் அவன்மேற் சுமத்தியது. வீடு தன்னளவில் எவரையும் வீரராக்காது என்பதும் உண்மை. சொந்த வீடுடையார் பலர் வாய் பேசாதிருந்தனர், ஆர்ச் பேசினார். பேசும் நெஞ்சம் அவருக்கு இயல்பாய் அமைந்தது. பேசியபின் திரும்பிச் சென்று படுக்க ஓரிடத்தை முன்னோர் கொடுத்தனர். நாபோத் தன் முன்னோரின் திராட்சத் தோட்டத்தை அரசனுக்கே மறுத்ததும் இத்தகைய நிலைக்களத்தில் நின்றன்றோ?

பின்னர்க் காலம் மாறியது. 1926-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் காப்பிஹோல்டு முறை ஒழிந்தது. உயிலின்றி இறந்தார் நிலம் மூத்த மகனுக்கே என்னும் விதியும் அன்றே ஒழிந்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நின்றவுடன் உழவுத் தொழிலாளியை வீட்டினின்றும் வெளியேற்றுதலைத் தடுத்தது. அவன் இறந்தபின் மனைவியோ உடனுறையும் குடும்பத்தாரோ அங்குத் தொடர்ந்து வாழவும் இடமளித்தது. ஹார்டி பிறந்த குடில் 1948 முதல் நாட்டுப் பொதுச் செல்வமாக அறநிறுவனம் ஒன்றின் காவலில் உள்ளது. மூன்று உயிரை நம்பி நின்ற வீட்டைக் காணப் பல நாட்டாரும் செல்கின்றனர். அழகிய சிற்றூர்க் குடில்கள் பலவற்றை இன்று நகரத்துச் செல்வர் வாங்குதலால், அவ்வூர் உழைப்பாளர் மக்கட்கு அவை எட்டாப் பொருளாயின என்பதும் உண்மையே.

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அதனைச் சிலர் சோம்பலின் மொழியாகக் கொள்வர். தன் மூலையில் தான் சுருண்டு கிடக்கும் ஆசை என்பர். ஆர்ச்சின் வாழ்வை அறிந்தபின் எமக்கு அது வேறு பொருள் தருகின்றது. தனி வளை உடையார் வெளியே வரலாம். பிறர் வளையில் வாழ்வார் உள்ளேயே ஒடுங்குவர். தந்தை மைந்தனுக்கு விட்டுச் செல்லத்தக்கவற்றுள் தலையாயது, எவரும் பறிக்க இயலாத ஒரு சிறு இடமும், அதில் நின்று உண்மை பேசும் துணிவும் ஆம். முன்னது சுதந்தரம், பின்னது சுதந்திரம். இரண்டிற்கும் ஒரு வேர் அமைந்தது பொருத்தமே என்று எமக்குத் தோன்றுகின்றது.